நூறு ரூபாய் பாக்கி

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ரயில் இன்னும் விழுப்புரம் பக்கம் எங்கேயோ இருக்கும். இங்கே ஒவ்வொருத்தரும் முன்சக்கரத்தை அரை அடி, கால் அடி என்று நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கால் அடியில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகப் போவதில்லை. இருந்தாலும் நகர்த்துவோம். நானும் நகர்த்துவேன்.

அரியாங்குப்பத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்குள் போகிறவர்களுக்குக் கடலூர் சாலை ரயில்வே கேட்டைத் தெரியாமல் இருக்காது. ஏ.எஃப்.டி. கேட் என்று சொன்னால்தான் ஊரில் புரியும். அந்த மில்லை 2020-ல் மூடியே விட்டார்கள், பெயர் மட்டும் கேட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆற்றுப் பாலம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு வந்த கோபம் மொத்தமும் அந்த இடத்தில்தான் வெடிக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழக்கம்.

அன்றைக்குக் காலையில் என்னுடைய கோபம் வெடித்தது.

கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து 'டொக்'கென்று இடித்தது. திரும்பினால் என் ஸ்கூட்டரின் டெயில் லைட் கண்ணாடி இரண்டு துண்டாகக் கீழே கிடக்கிறது. மொபெட்டில் மீன் பெட்டி கட்டிய ஒரு பெரியவர். நெற்றியில் விபூதி.

"தம்பி, பிரேக்கு புடிக்கல. கோச்சுக்காத" என்றார்.

நான் கோபித்துக்கொண்டேன். என்னென்ன சொன்னேன் என்பதை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அதில் ஒரு வார்த்தை அவர் வயதுக்கு மட்டும் இல்லை, எந்த வயதுக்கும் சொல்லக்கூடாதது. சுற்றி நின்ற இருபது முப்பது பேரும் ரயிலை மறந்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்வையாளர்கள் சேர்ந்துவிட்டால் நமக்குக் குரல் இன்னும் ஏறும், இல்லையா? ஏறியது.

பெரியவர் பதிலே பேசவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, பத்தும் இருபதுமாக எண்ணி, நூறு ரூபாய் நீட்டினார். நோட்டுகளில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வாங்கிக்கொண்டேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். திட்டியதைக்கூட விடுங்கள். அவசரம், வெயில், டென்ஷன் என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பணத்தை வாங்கிப் பையில் வைத்தேனே, அதற்கு என்ன சமாதானம் சொல்வது? டெயில் லைட்டை மாற்ற நூறு ரூபாய்க்கு மேல்தான் ஆனது என்பது உண்மை. அதனால் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. ஆனால் அந்த நியாயம் ராத்திரி தூங்க விடவில்லை.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவன். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும் நேரத்தில் எங்களுக்கு மாரல் சயின்ஸ் பீரியடு. அதில் கதை சொல்லுவார்கள். பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் கதை. அப்போது கேட்ட ஒரு கதை அன்று ராத்திரி ஞாபகம் வந்தது. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் 18-ஆவது அதிகாரத்தில் இருக்கிறது.

பேதுரு வந்து கேட்கிறார்: எனக்குத் தப்பு செய்கிறவனை எத்தனை தடவை மன்னிக்கலாம், ஏழு தடவை போதுமா? கேள்வியிலேயே ஒரு பெருமை இருக்கிறது பாருங்கள். ஏழு என்பதே தாராளம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஏழெழுபது தடவை என்று பதில் வருகிறது. நான் பி.காம். படித்தவன், உடனே பெருக்கிப் பார்த்துவிடுவேன். 490. ஒரே ஆளை ஒரு நாளைக்கு ஒரு முறை மன்னித்தால் ஒரு வருஷம் நாலு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு? கணக்கு வைக்காதே என்பதைக் கணக்குப் பாஷையிலேயே சொல்லியிருக்கிறார் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆயிற்று.

அதைத் தொடர்ந்துதான் அந்தக் கதை. ராஜாவிடம் ஒரு வேலைக்காரனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன். கட்ட முடியவில்லை, காலில் விழுகிறான். ராஜா மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய சக வேலைக்காரனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடிக்கிறான், சிறையில் போடுகிறான்.

சின்ன வயதில் இந்தத் தொகைகள் காதில் விழுந்ததோடு சரி. இப்போது பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தெனாரியம் என்பது ரோம் வெள்ளிக்காசு, ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம். அப்படியானால் பத்தாயிரம் தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,600 கோடி ரூபாய்! வேலைக்காரன் இத்தனை கடன் வாங்கும் அளவுக்கு எந்த ராஜா பணத்தை வெளியே விடுவான் என்று கேட்காதீர்கள், கதை.

மறுபக்கம் நூறு தெனாரியம் எவ்வளவு? அதே கணக்கில் 60,000 ரூபாய். இதை யாரும் கவனிப்பதில்லை. பிரசங்கங்களில் 'அற்பக் கடன்' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். கூலிக்காரனுக்கு அது மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு, அற்பமே இல்லை. உன்னை ஒருவன் இடித்தது பொய், உனக்கு நஷ்டமே இல்லை என்று அந்தக் கதை சொல்லவில்லை. நஷ்டம் நிஜம்தான், டெயில் லைட் உடைந்தது உடைந்ததுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அதற்குப் பிறகு பேசுகிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது. 'இதெல்லாம் ஒரு விஷயமா, விடு சார்' என்று சொல்கிற ஆளிடம் எனக்குப் பொறுமை கிடையாது. விஷயம்தான்.

இனி என் கணக்கு. 2011-ல் தங்கை கல்யாணத்துக்கு ஒரு நண்பனிடம் கடன் வாங்கினேன். பாதிக்கு மேல் கட்டினேன். 80,000 ரூபாய் நின்றுபோனது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். அவனைப் பார்த்தால் சந்து மாறிப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு நாள் அவனாகவே வீட்டுக்கு வந்தான். காபி குடித்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அத விடுடா. நீ பேசாம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

எண்பதாயிரத்தைத் தள்ளுபடி வாங்கியவன் நூறு ரூபாய்க்குக் கழுத்தைப் பிடித்தேன். வணிகவியல் படித்தும் என்ன பிரயோஜனம்? பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதத் தெரிந்தவனுக்கு நடுரோட்டில் நிற்கும்போது மட்டும் ஒரு பக்கம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

பெரிய மன்னிப்புகள் நமக்குப் பிடிக்கும். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலியரையும் பிலிப், திமோத்தி என்ற அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஜீப்போடு வைத்து எரித்தார்கள். தொழுநோயாளிகளுக்கு வேலை செய்தவர் அவர். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் அந்த நோயாளிகளோடு தங்கி வேலையைத் தொடர்ந்தார். 2005-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உங்களுக்கும் அடைத்திருக்கும். படித்து முடித்துவிட்டு, காபியில் சர்க்கரை குறைவு என்று வீட்டில் எரிந்து விழுந்திருப்போம். அதுதான் நாம்.

சின்ன எரிச்சல் ஏன் இத்தனை கஷ்டம்? பெரிய துன்பம் வரும்போது மனசு எழுந்து நிற்கிறது. சாவு வீட்டில் பரம விரோதிகூடப் பக்குவமாகப் பேசுவான். ரேஷன் கடை வரிசையில் நடுவில் நுழைகிறவன், ராத்திரி பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி வைக்கிற பக்கத்துத் தெரு, "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று நிமிராமலே சொல்லும் கவுண்டர்... இதற்கெல்லாம் யாரும் தயாராகிப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிதான் அவகாசம். அந்த நொடியில் வெளியே வருவதுதான் நாம் சம்பாதித்து வைத்திருக்கிற நிஜமான குணம்.

கிறிஸ்துவைப் போல நடக்க வேண்டும் என்று சொன்னவுடனே எல்லோருக்கும் சிலுவை ஞாபகம் வருகிறது. எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது. அவருடைய வாழ்க்கையிலும் தினசரித் தொல்லைகள் நிறைய. படகில் தூங்கினால் எழுப்புகிறார்கள். ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது என்று அவசரமாகப் போகிற வழியில், கூட்டத்தில் ஒரு பெண் பின்னாலிருந்து அங்கியைத் தொடுகிறாள். அவர் அப்படியே நின்று, யார் தொட்டது என்று விசாரித்து, அவள் கதையை முழுவதும் கேட்கிறார். குழந்தையின் தகப்பன் பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கிறான். இது கேட் மூடிய மாதிரிதானே?

இன்னொன்று இதைவிட நெருக்கமானது. யோவான் ஸ்நானகனைத் தலையை வெட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. சொந்தக்காரர், தனக்கு முன்னால் வழி திறந்தவர். இயேசு யாரும் இல்லாத இடத்தைத் தேடிப் படகில் போகிறார். அழுவதற்காகவோ, சும்மா இருப்பதற்காகவோ, தெரியாது. கரையில் இறங்கினால் ஜனங்கள் நடந்தே வந்து அவருக்கு முன்னால் நிற்கிறார்கள். நோயைத் தீர்த்து வை, பசிக்கிறது. துக்கம் அனுசரிக்கக்கூட விடாத கூட்டம். நானாக இருந்தால் படகைத் திருப்பியிருப்பேன். அவர் அவர்களைப் பார்த்து மனம் இளகினார் என்று எழுதியிருக்கிறது. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை நடந்தது அன்றைக்குத்தான். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அற்புதம் அப்பம் பெருகியதில் இல்லை, எரிந்து விழாமல் இருந்ததில்தான்.

எப்போதும் அப்படியே இருந்தாரா என்றால் இல்லை. ஒரு நாள் பசியோடு போய் அத்திமரத்தில் பழம் தேடுகிறார். பழம் இல்லை. மரத்தைச் சபித்துவிடுகிறார். அது அத்திப்பழக் காலமே இல்லை என்று மாற்குவே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். 1927-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று லண்டனில் பேசியபோது இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார். இறையியல் படித்தவர்கள் அதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்ற ஆசாமிக்கு அந்த அத்திமரம் ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்களில் ஒருவர் கேட்பீர்கள். 'எல்லாவற்றையும் பொறுத்துப் போ என்றால் அது கோழைத்தனம் இல்லையா? கவுண்டரில் லஞ்சம் கேட்கிறவனுக்கும் இன்னொரு கன்னத்தைக் காட்டுவதா?'

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட அரிக்கமேடு வரைக்கும் போகலாம். அரியாங்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆற்றங்கரையில் மேடு, தோப்பு, ஆள் நடமாட்டம் இல்லாத அமைதி. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்கள், மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்த ஒயின் ஜாடிகள் எல்லாம் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியோடு இங்கே வியாபாரம் நடந்திருக்கிறது. அதாவது, இயேசு கலிலேயாவில் நடந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், அவர் ஊரை ஆண்ட ரோமாபுரியின் சரக்கு நம் ஆற்றங்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நமக்கு ரோமாபுரி வாடிக்கையாளர். காசு கொடுத்தான், மணிகளை வாங்கினான். கோயம்புத்தூர், கரூர் பக்கம் பூமியில் கிடைத்த ரோம் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் தலை போட்ட தெனாரியங்கள் ஏராளம். கதையில் வருகிறதே நூறு தெனாரியம், அந்தக் காசு நம் ஊர் மண்ணிலும் புதைந்து கிடந்தது.

இயேசுவின் ஜனங்களுக்கு ரோமாபுரி வாடிக்கையாளர் இல்லை, எஜமான். ரோம் சிப்பாய் வழியில் போகிறவனைப் பிடித்து, 'இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வா' என்று சொல்லலாம். வெட்டி வேலை, கூலி கிடையாது. அந்த ஊரில்தான் அவர் சொல்கிறார், ஒரு மைல் தூக்கச் சொன்னால் இரண்டு மைல் தூக்கிக்கொண்டு போ என்று. முதல் மைல் சிப்பாயுடையது. அவன் சொன்னான், நீ நடந்தாய். இரண்டாவது மைல் யாருடையது? அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. அங்கே நீ அடிமை இல்லை, சிப்பாய்தான் குழம்பிப்போய்ப் பின்னால் வருகிறான்.

கன்னம் விஷயமும் அப்படித்தான். மத்தேயு தெளிவாக வலது கன்னம் என்று எழுதியிருக்கிறார். எதிரே நிற்பவனின் வலது கன்னத்தில் வலது கையால் அறைந்து பாருங்கள் (வேண்டாம், மனசுக்குள் பாருங்கள்). புறங்கையால்தான் முடியும். புறங்கை அடி சண்டைக்கான அடி இல்லை, அவமானப்படுத்துகிற அடி. எஜமான் வேலைக்காரனுக்குக் கொடுப்பது. மறு கன்னத்தைக் காட்டினால் அவன் உள்ளங்கையால் அடிக்க வேண்டும், சமமானவனை அடிப்பதுபோல. வால்டர் விங்க் என்ற அமெரிக்க அறிஞர் இந்த விளக்கத்தைப் பிரபலப்படுத்தினார். எல்லா வேதபண்டிதர்களும் ஏற்கவில்லை. ஆனால் அடுத்த சம்பவத்தோடு அது பொருந்துகிறது. பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணை நடக்கும்போது ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். அவர் இன்னொரு கன்னத்தைக் காட்டவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதைச் சொல், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். கை ஓங்கவில்லை, கேள்வியையும் விடவில்லை. லஞ்சம் கேட்கிற கவுண்டரில் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். கத்தாமல் கேட்பது, பதில் வரும்வரை நகராமல் நிற்பது. கத்திவிட்டு வெளியே வருவது சுலபம். அது நமக்கு நிம்மதி, அவனுக்கும் நிம்மதி.

அவர் கோபமே படாதவரும் இல்லை. தேவாலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் மேஜைகளைக் கவிழ்த்தார். ஆனால் அவர் கோபப்பட்ட இடங்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரிகிறது. அத்திமரத்தைத் தவிர எங்கேயும் தன் பசிக்காக, தன் தூக்கத்துக்காக, தன் மரியாதைக்காக அவர் கோபப்படவில்லை. அறைந்தவனைக் கேள்வி கேட்டார். ஏழையின் காணிக்கையில் கமிஷன் அடித்தவனுக்கு மேஜையைக் கவிழ்த்தார். நாம் நேர் தலைகீழ். பக்கத்து வீட்டுப் பையனைப் போலீஸ் அடித்தால் 'நமக்கு எதுக்கு வம்பு' என்போம், நம் வண்டியில் கீறல் விழுந்தால் சட்டையைப் பிடிப்போம்.

இந்த வித்தியாசம் நம் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் அந்தக் காலத்தில் ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், மற்ற சாதிக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் இன்னொரு பக்கம். 1745-ல் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் சேர்ந்து போய்ப் பெரிய பாதிரியாரிடம் கேட்டார்கள், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் இந்தச் சுவர் எதற்கு என்று. அடிக்கவில்லை, கோயிலை விட்டுப் போகவில்லை, அந்தச் சேவகனிடம் இயேசு கேட்ட மாதிரி ஒரு கேள்வி. பாதிரியார் நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்க வைத்தார். உடனே மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்குக் கோபம் வந்தது. யாருடைய கோபம் எதற்காக என்று பாருங்கள்.

கதையை இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் மூன்றே வருஷத்தில் அதே சம்பா கோயில் பாதிரிமார்கள் இன்னொரு சுவரையும் இடித்தார்கள். 1748 ஆகஸ்டில் பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர் முற்றுகை போட்டார்கள். முதல் சண்டை அரியாங்குப்பம் கோட்டையில்தான் நடந்தது. மேஜர் லாரன்ஸை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் அங்கேதான். ஊரே பயந்து கிடந்த அந்த நேரத்தில், செப்டம்பரில், சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். பாதிரிமார்கள் பல வருஷம் கேட்டு வந்தது, துய்ப்ளே காலத்தில் நடந்தது. பக்கத்து வீட்டு மணியோசை தாங்காத எரிச்சல் வருஷக்கணக்கில் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தினம் காலையில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர்கள் அவர்கள். கிறிஸ்துவின் பெயரை வைத்திருப்பது வேறு, கிறிஸ்துவைப் போல இருப்பது வேறு. இதை எந்த மதத்துக்காரரும் தன் மதத்தின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் அந்த ஒரு நொடியில் கோபத்தை எப்படி நிறுத்துவது? 'பத்து வரைக்கும் எண்ணு', 'தண்ணீர் குடி' என்று யோசனை சொல்வார்கள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். பத்தை எட்டும்போது திட்டுவதற்கு இன்னும் நல்ல வார்த்தை கிடைத்துவிடும்.

எனக்குப் பிரயோஜனப்பட்டது காந்தியின் ஒரு அனுபவம். லண்டனில் மாணவராக இருந்தபோது மலைப்பிரசங்கத்தைப் படித்து மனதைப் பறிகொடுத்தவர் அவர். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதரிடம் முடிவெட்டப் போகிறார். அந்த ஆள் கறுப்பனுக்கு வெட்டமாட்டேன் என்கிற தோரணையில் துரத்திவிடுகிறார். காந்தி ஒரு கத்தரி வாங்கிவந்து கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் சுமார், பின்பக்கம் நாசம். கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தார்கள். இதைச் சுயசரிதையில் எழுதிவிட்டு அடுத்து அவர் சொல்வதுதான் முக்கியம். அந்த நாவிதர் மேல் குற்றம் இல்லை, நம் ஊரில் தீண்டாதவர்கள் என்று சொல்லி ஒரு கூட்டத்துக்கு நம் நாவிதர்களை வெட்ட விடாமல் வைத்திருப்பவர்கள் நாம்தானே என்கிறார். நம் பாவத்துக்கு இது தண்டனை என்ற எண்ணம்தான் கோபப்படாமல் தன்னைக் காப்பாற்றியது என்கிறார்.

பாருங்கள், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கவில்லை. கோபத்தை விழுங்கவும் இல்லை. கணக்குப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே தன் கடன் எழுதியிருந்தது. பத்தாயிரம் தாலந்துக்காரனுக்குச் செய்யத் தோன்றாதது அதுதான். அநியாயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்த தேசத்தில் இருபது வருஷம் சட்டத்தோடு சண்டை போட்டார். 1934 பிப்ரவரியில் புதுச்சேரிக்கு அவர் வந்தாரே, அது எந்த யாத்திரையில் தெரியுமா? ஹரிஜன யாத்திரை. பிரிட்டோரியாவில் திருப்பிப் பார்த்த அந்தப் பக்கத்தின் கடனை அடைக்கக் கிளம்பியவர், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியவருக்குத் திரும்புகிறேன். இயேசுவைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ. திருவள்ளுவரைப் படித்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன தண்டனையை எனக்குக் கொடுத்துவிட்டார். கெடுதல் செய்தவன் வெட்கப்படும்படி அவனுக்கு நல்லது செய்துவிடுவது. இடித்தது அவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னது நான். அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது செதில் ஒட்டிய நூறு ரூபாய். வள்ளுவர் இன்னொன்றும் சொல்கிறார், செய்த நல்லதையும் மறந்துவிட வேண்டும் என்று. பெரியவர் மறந்திருப்பார். கேட் திறந்ததும் இடப்பக்கமாக ஒதுங்கி, எனக்கு வழிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நூறு ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காலை ஏழு மணிக்கு அரியாங்குப்பம் மீன் கடைகள். வீராம்பட்டினத்திலிருந்து வந்த மீன், ஈரத் தரை, ஐஸ் உடைக்கிற சத்தம். மீன் விற்கிற ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"மொபெட்ல டவுனுக்கு மீன் எடுத்துட்டுப் போற பெரியவர்மா. நெத்தியில விபூதி வச்சிருப்பாரு."

"மொபெட்ல போற பெரியவருங்க பதினைஞ்சு பேருக்குக் குறையாது. எல்லாருந்தான் விபூதி வைப்பாங்க. பேரு என்னா?"

"தெரியாதும்மா."

"ஆளு எப்படி இருப்பாரு? கறுப்பா, செவப்பா? மீசை இருக்கா?"

பக்கத்தில் மீனை ஆய்ந்துகொண்டிருந்த இன்னொரு அம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். யோசித்தேன். விபூதி ஞாபகம் இருந்தது. நோட்டை எண்ணிய விரல்கள், அதில் ஒரு நகம் கறுத்திருந்தது, அதுகூட ஞாபகம் இருந்தது. மீசை?

"என்னா தம்பி, ஆளை நேர்ல பார்த்ததுதானே?" என்றார் அந்த அம்மா.